நடுப்படம்

மக்கள் சினிமாவுக்குப் போவதை விட்டுவிட்டால் அது அவர்கள் இஷ்டம் என்று நீங்களும் நானும் சும்மா இருந்துவிடுவோம். அரசாங்கம் அப்படி இருக்க முடியுமா? அது ஒரு வாரியம் அமைத்தது. ‘திரையரங்குக்குப் போதல் மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர். அதற்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஓர் ஆய்வதிகாரி, மைக்கைப் பிடிக்க ஒருவர், மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்க இன்னொருவர். இவர்களில் யாரும் சினிமாவுக்குப் போகிறவர்கள் அல்லர். போகிறவர்களை வைத்துக்கொண்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

முன்மாதிரித் திட்டத்துக்கு வாரியம் தேர்ந்தெடுத்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஒரு பழைய தியேட்டரை. அதிலும் சனிக்கிழமை மதியக் காட்சியை. அந்தக் காட்சிக்கு வருகிறவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான். இதற்குமேல் குறைய இடமில்லை என்பதால் என்ன செய்தாலும் வளர்ச்சியாகத்தான் தெரியும் என்று துணைத் தலைவர்களில் ஒருவர் கணித்துச் சொன்னார். கெட்டிக்கார மனுஷர்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இன்னொருவர் அவருடைய மகள். ஆனால் இருவரும் சேர்ந்து வருவதில்லை, சேர்ந்து உட்காருவதில்லை, சேர்ந்து போவதுமில்லை. பேச்சுவார்த்தையே கிடையாது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே லிஃப்ட்காரரின் மனைவி காலமாகிவிட்டார். தனியாக வளர்த்தார். சமைத்தார், துவைத்தார், தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். பெண்பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் லிஃப்ட். அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? அதனால் சனிக்கிழமை மதியம் அவளை இந்தத் தியேட்டருக்குக் கூட்டிவந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், இருட்டில் இருக்கலாம், எதுவும் பேச வேண்டியதில்லை. அவர் குடும்பம் நடத்தியதே பெரும்பாலும் இங்கேதான்.

மகள் வளர்ந்தாள். வளர்ந்து, போயும் போயும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கையே கல்யாணம் செய்துகொண்டாள். அதுவும் போட்டிக் கம்பெனிக்காரன். இவர் பழுது பார்க்கிற லிஃப்டையெல்லாம் ஓட்டை உடைசல் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற கம்பெனி. லிஃப்ட்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத!” என்றார்.

“நீங்களும் என் மூஞ்சியில முழிக்காதீங்கப்பா!” என்றாள் மகள்.

அப்பாவைப் போலவே பிடிவாதக்காரி. இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் லிஃப்ட்காரர் தியேட்டருக்கு வந்து ஏழாவது வரிசையில் உட்கார்ந்தார். விளக்கணைந்த பிறகு யாரோ வந்து முன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பின்னலை இழுத்து இடது தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுத்தான் அவள் டிக்கெட்டே வாங்கியிருப்பாள். தெரிந்தேதான் வந்திருக்கிறாள். பின்தலையைப் பார்ப்பது மூஞ்சியில் முழிப்பதாகாது என்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டார்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். விளக்கணைந்த பிறகு மகள் வருவாள். விளக்கு எரிவதற்குள் அப்பா எழுந்து போய்விடுவார். இடைவேளையில் அவள் திரும்ப மாட்டாள், இவர் எழ மாட்டார். இப்படியே இரண்டு வருஷம். அவர் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. அவள் எந்தப் படத்தின் தொடக்கத்தையும் பார்த்ததில்லை. இருவரும் பேசிக்கொண்டால் முழுக்கதை கிடைத்துவிடும். பேசத்தான் மாட்டார்களே.

இந்த இடத்தில்தான் வாரியம் வந்து சேர்ந்தது. பால்கனியில் மேசை நாற்காலி போட்டு ஆபீஸ் திறந்தார்கள். அதன்பிறகு கீழே இருந்தவர்களைவிட மேலே இருந்தவர்கள் அதிகம். ஆனால் அவர்கள் பணியில் இருப்பவர்கள் என்பதால் பார்வையாளர் கணக்கில் வர மாட்டார்கள். ஆய்வதிகாரியம்மா தூரத்துப் பார்வைக்கான பைனாகுலரோடு உட்கார்ந்து கீழே நடப்பதைக் கவனித்தார். திரையை அவர் பார்க்கவில்லை. அது வேறு துறை.

மூன்றாவது வாரம், வழக்கம்போல் முடிவுக்கு முன்னால் வெளியே வந்த லிஃப்ட்காரரை ஆய்வதிகாரி மாடிப்படியருகே மடக்கினார்.

“சார், ஒரு நிமிஷம். முடிவு வர்றதுக்குள்ள கெளம்பிட்டீங்களே, ஏன்?”

“வேலை இருக்கும்மா.”

“சனிக்கிழமையிலயா?”

“லிஃப்டுக்கு சனி, ஞாயிறு எல்லாம் தெரியாதும்மா.”

“முடிவு பிடிக்கலையா?”

“ரெண்டு வருஷமா நான் ஒரு முடிவையும் பாத்ததில்லையே.”

“பாக்காமலே பிடிக்கலையா!” என்று ஆய்வதிகாரி அசந்துபோனார். இவ்வளவு உறுதியான கருத்துள்ள ஒரு பார்வையாளரை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

அவருடைய அறிக்கை சுருக்கமாக இருந்தது. பார்வையாளர்களில் சரிபாதிப் பேர் தொடக்கத்தைப் புறக்கணிக்கிறார்கள். சரிபாதிப் பேர் முடிவைப் புறக்கணிக்கிறார்கள். நடுப்பகுதிக்கு மட்டும் நூறு சதவீத ஆதரவு இருக்கிறது. தலைவர் அதைப் படித்துவிட்டு உடனே பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மைக் தட்டிப் பார்க்கப்பட்டது. தலைவர் பேசினார்:

“மக்கள் ஏன் தியேட்டருக்குப் போனார்கள்? முதலில் படம் அசைந்தது, அதைப் பார்க்கப் போனார்கள். பிறகு படம் பேசியது, அதைக் கேட்கப் போனார்கள். பிறகு கலர் வந்தது. பிறகு ஏ.சி. வந்தது, வெயிலுக்குப் பயந்தவர்கள் தூங்கப் போனார்கள். அப்புறம் வீட்டுக்குள் டி.வி. வந்தது, பாதிப்பேர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கைக்குள் போன் வந்தது, மீதிப்பேரும் தங்கிவிட்டார்கள். இதில் எதுவும் வாரியத்தின் தவறல்ல. அப்போது வாரியமே கிடையாது. வாரியம் வந்த பிறகும் கூட்டம் குறைகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். குறைவது என்பது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. இருக்கிற நடைமுறையை நாங்கள் மாற்றுவதில்லை. நான் கடைசியாகத் தியேட்டருக்குப் போய் இருபது வருஷம் இருக்கும். அவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பதால்தான் எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. மக்களுக்கு வேண்டியது நடு. இனி நடுவை மட்டும் கொடுப்போம்!”

அடுத்த சனிக்கிழமை ‘நடுப்படம் திட்டம்’ அமலுக்கு வந்தது. தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டார்கள். விளக்கணைந்ததும் நாயகன் யாரையோ துரத்திக்கொண்டிருந்தான். ஏன் துரத்துகிறான் என்று லிஃப்ட்காரருக்கும் தெரியவில்லை, துரத்தப்பட்டவனைப் பார்த்தால் அவனுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. இருட்டி முடிந்து கொஞ்ச நேரத்தில் மகள் வந்து உட்கார்ந்தாள். படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அப்பா எழுந்து போனார்.

பால்கனியில் ஆய்வதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். நடுவிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, மக்கள் அதையும் புறக்கணிக்கிறார்கள்! அடுத்த வாரம் அவற்றையும் வெட்டினார்கள். மகள் மறுபடியும் இருட்டிய பிறகு வந்தாள், அப்பா மறுபடியும் வெளிச்சத்துக்கு முன்னால் போனார். மறுபடியும் வெட்டினார்கள். வாரியத்துக்கு இது சுறுசுறுப்பான காலம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திறப்பு விழா நடந்தது.

லிஃப்ட்காரருக்குத்தான் நஷ்டம். முன்பெல்லாம் சனிக்கிழமை வந்தால் மகளோடு பாதி மதியம் இருக்கும். அது ஒரு மணி நேரமாகி, அரை மணியாகி, இப்போது ஒரு பாட்டும் அரைச் சண்டையுமாக வந்து நின்றது. அவள் வந்து பின்னலை முன்னால் போட்டு நிமிர்வதற்குள் இவர் கிளம்ப வேண்டியிருந்தது. டிக்கெட் கொடுக்கிறவரும் டார்ச் அடிக்கிறவரும் கணக்குப் பார்க்கிறவருமான தியேட்டர் மேனேஜரிடம் போய் நின்றார்.

“தம்பி, பழையபடி முழுப்படம் போடச் சொல்லுப்பா. புண்ணியமாப் போகும்.”

“நான் சொன்னா யாருண்ணே கேக்கறாங்க? என்னையே பால்கனிக்கு விட மாட்டேங்கறாங்க,” என்றார் மேனேஜர். “நீங்க கடைசிவரைக்கும் உக்காந்தீங்கன்னா வெட்ட மாட்டாங்க. இல்லன்னா உங்க பொண்ண கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

“நான் எப்படிப்பா சொல்றது?”

“அதுவும் சரிதான். அப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தால் விளக்கு எரியும். எரிந்தால் அவள் எழுந்து வாசல் பக்கம் திரும்புவாள். மூஞ்சியில் முழித்தாக வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார். படம் முடிந்தது, விளக்கு எரிந்தது, அவர் அசையவில்லை. மகள் எழுந்து திரும்பினாள். ஒரு கணம் நின்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். கீறல் விழுந்த கறுப்புக் கண்ணாடி வழியாக அவருக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அது சிரிப்பை அடக்குகிற நடை. சின்ன வயதிலிருந்து பார்த்த நடை அவருக்குத் தெரியாதா? அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனுஷர் ஸ்கூட்டரில் பாட்டு முனகிக்கொண்டே போனார்.

அவ்வளவுதான் அவர் அனுபவித்த சந்தோஷம். ஏனென்றால் பால்கனியில் அதற்குள் அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்களில் சரிபாதிப் பேர் தலைக்கவசம் அணிந்து படம் பார்க்கிறார்கள் என்று ஆய்வதிகாரி தெரிவித்தார். அரங்குக்குள் பாதுகாப்பில்லை என்று மக்கள் அஞ்சுவதாகத் தலைவர் கண்டுபிடித்தார். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும்? இருட்டில்தான். இனிப் படம் ஓடும்போது எல்லா விளக்கும் எரிய வேண்டும், கதவுகளில் காவல் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமானது.

வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போய்விட்டது. யாரோ பாடுகிறார்கள் என்று தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது. அப்படியும் மகள் வந்தாள். அவள் பக்கத்தில் வரும்போது லிஃப்ட்காரர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்; அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரண்டு பேருக்கும் கழுத்து வலித்தது. இது இப்படியே போனால் அவள் வருவதை நிறுத்திவிடுவாள் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவளைப் பார்க்க அவருக்கு வேறு இடம் கிடையாது. அவள் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க அவர் சொன்ன சொல் விடாது. இவருடைய வீட்டுக்கு வர அவள் சொன்ன சொல் விடாது. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று பால்கனிக்கு ஏறினார்.

தலைவர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். ஒரு பார்வையாளரை நேருக்கு நேர் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

“சார், விளக்கை அணைச்சிருங்க சார். நான் படம் பாக்க வரல. என் பொண்ணைப் பாக்க வரேன். நாங்க பேசிக்கறதில்ல. இருட்டுல இருந்தாத்தான் எங்களால ஒரே எடத்துல இருக்க முடியும்.”

தலைவரின் முகம் சுருங்கியது. “படம் பாக்க வரலையா? அப்படின்னா நீங்க பார்வையாளரே இல்லையே! உங்களை எடுத்துட்டா என் எண்ணிக்கை பாதியாயிடும். நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். சரி, அவங்க? அவங்களாவது படம் பாக்க வர்றாங்களா?”

“அது எனக்கு எப்படி சார் தெரியும்? அவகிட்டதான் நான் பேசறதில்லையே.”

“நல்லது. பேசிடாதீங்க,” என்றார் தலைவர்.

ஆனால் லிஃப்ட்காரர் படியிறங்குவதற்குள் தலைவரின் கண் பளபளத்தது. ஆய்வதிகாரியைக் கூப்பிட்டார். “மக்கள் படத்தைப் பாக்க வரலம்மா. மக்களைப் பாக்க வர்றாங்க! இத்தனை வருஷமா நாம தப்பானதைத் திரையில போட்டுட்டிருந்திருக்கோம்.”

அடுத்த சனிக்கிழமை தியேட்டர் வாசலில் கொடி கட்டியிருந்தார்கள். கதவுகளில் இருந்த வட்டக் கண்ணாடிகளின்மேல் ‘பார்வையாளரே நாயகர்’ என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். என்ன ஏது என்று லிஃப்ட்காரருக்கு யாரும் சொல்லவில்லை. நாயகருக்கு ஹெல்மெட் கூடாது என்று ஆய்வதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, மகள் வரும்போது ஷூவுக்குக் குனிந்து, நிமிர்ந்தபோது அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். மேடையில் இரண்டு கேமராக்கள் நின்றன.

திரையில் படம் வரவில்லை. மகளின் முகம் வந்தது.

சுவர் உயரத்துக்கு அவள் முகம். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டாள், அதற்கு முன்னால் தலைவலியில் எத்தனை நாள் கஷ்டப்பட்டாள், எதுவும் அவருக்குத் தெரியாது. கன்னம் வற்றியிருந்தது. கோபம் வந்தால் நெற்றியில் விழுகிற கோடு இப்போது கோபமில்லாமலே விழுந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது. நரைத்து, சரியாகச் சவரம் செய்யாமல், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஒரு கிழவர். அது தான்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகளுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். திரையில் அவள் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையிலிருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளின் உதடு அசைந்தது. முன்னால் மூன்றாவது வரிசையில், இரண்டு வருஷமாக அவர் பார்த்துப் பழகிய அந்தப் பின்தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. காது தெரிந்தது. கண்ணாடியின் காம்பு தெரிந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

“ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்.”

தலைவர் மேடையேறினார். “பெரியோர்களே! இதோ, பேசிக்கொள்ளாத ஓர் அப்பா, ஒரு மகள்! டி.வி. இவர்களைச் சேர்த்துவைத்ததா? போன் சேர்த்துவைத்ததா? வாரியம் சேர்த்துவைத்தது! அப்பா தாமாகவே என்னிடம் வந்து இந்த யோசனையைச் சொன்னார். அம்மா, அப்படியே திரும்பி அப்பாவைப் பார்த்துக் கையசையுங்கள். போட்டோ எடுக்க வேண்டும். சிரித்த முகமாக!”

பின்தலை அப்படியே நின்றுவிட்டது. மகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முன்வரிசைக்குப் பக்கத்திலிருந்த அவசர வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

“பாதிப்பேர் போயிட்டாங்க! கதவையெல்லாம் சாத்துங்க!” என்று தலைவர் மைக்கிலேயே கத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் நாலு பக்கமும் கேட்டது.

லிஃப்ட்காரர் பின்னாலிருந்த வாசல் கதவுக்கு ஓடினார். காவல்காரர் குறுக்கே நின்றார். கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டி ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

மகள் போய்விடவில்லை. டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். தியேட்டர் கதவைப் பார்த்தபடியே நின்றாள். அவருக்காகத்தான் நிற்கிறாள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

“கதவைத் தொறப்பா. என் பொண்ணு நிக்கறா. தயவுசெஞ்சு தொறப்பா.”

“ஒருத்தராவது உள்ள இருக்கணும் சார். இல்லன்னா காட்சி நடந்ததா எழுத முடியாது. ஆர்டர்.”

“ஒரே நிமிஷம்பா. பேசிட்டு வந்து உக்காந்துக்கறேன். நீ எவ்வளவு நேரம் சொன்னாலும் உக்காந்துக்கறேன்.”

“எனக்கும் பொண்ணு இருக்கு சார்,” என்றார் காவல்காரர், நிஜமான வருத்தத்தோடு. “நன்றியுரை முடியட்டும்.”

அவர் கதவைத் தட்டினார். உள்ளே வாரியத்தார் கொட்டிய கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஆய்வதிகாரி நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார். அரசாங்கத்துக்கு நன்றி சொன்னார், தலைவருக்குச் சொன்னார், துணைத் தலைவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னார், மைக் பிடித்தவருக்கும் தட்டிப் பார்த்தவருக்கும் சொன்னார். திரையில் ஏழாவது வரிசையின் காலி நாற்காலி பெரிதாகத் தெரிந்தது. வெளியே மகள் ஓரடி முன்னால் வந்தாள். நின்றாள். வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

“இறுதியாக, இந்தத் திட்டத்துக்கு உயிராக இருக்கிற நம் பார்வையாளருக்கு நன்றி,” என்றார் ஆய்வதிகாரி. “அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.”

எதிரே பஸ் வந்து நின்றது. மகள் கதவை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ரோட்டைக் கடந்து போய் ஏறிக்கொண்டாள்.